குவாரி வருமுன் பழைய லயத்தைப் பதிவுசெய்வது எப்படி? மலையகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் கைவிடப்பட்ட ஒரு பிரிவில் கல்குவாரி வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. அங்கே இப்போது ஆள் இல்லை. தேயிலை மரமாகி நிற்கிறது, இடையில் மானாப்புல் மண்டிவிட்டது. திட்டம் போடுகிறவர்களின் தாளில் அந்த இடம் “பயன்பாடற்ற நிலம்” என்று ஒரே வரியில் முடிந்துவிடலாம். உள்ளே போய்ப் பார்த்தால் தொழிலாளரின் வரிசைவீடான லயத்தின் கல் அத்திவாரம், தண்ணீர் பிடித்த பீலிக்கரை, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்காம்பராவின் படிக்கட்டு, ஒரு மரத்தடியில் மாடசாமி, கொஞ்சம் தள்ளிச் சுடுகாடு என்று ஒரு ஊரே படுத்துக் கிடக்கும்.

அந்த ஊரை இயந்திரம் வருவதற்கு முன் முறையாகப் பதிவுசெய்வது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. தோட்டத்து இளைஞர்கள், ஆசிரியர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் யாரும் செய்யலாம். பட்டம் தேவையில்லை. நடக்கத் தெரிய வேண்டும், அளக்கத் தெரிய வேண்டும், பெரியவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிய வேண்டும்.

முதலில் சட்டம்: 1815 என்ற கோடு

இதைப் புரிந்துகொள்ளாமல் மலையேறினால் பாதி உழைப்பு வீண். இலங்கையில் பழமையைக் காப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அது ஒரு கட்டடத்தையோ கல்லறையையோ “புராதன நினைவுச்சின்னம்” என்று தானாகவே ஏற்க வேண்டுமானால், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. மலையகத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கியதே அதற்குப் பிறகு, 1820களில்தான். ஆக, நம் முன்னோர் வாழ்ந்த எந்த லயமும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழுகிறது.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. 100 ஆண்டுக்குக் குறையாமல் நிற்கும் ஒரு கட்டடத்தை, அது 1815க்குப் பிந்தியதாக இருந்தாலும், அமைச்சர் வர்த்தமானி அறிவித்தல் மூலம் புராதன நினைவுச்சின்னமாகக் கருதச் செய்யலாம். ஆனால் அது தானாக நடக்காது. யாராவது கேட்க வேண்டும், வயதைக் காட்ட வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் வேலை எல்லாவற்றுக்கும் குறி அதுதான்: இந்த இடத்துக்கு 100 வயது ஆகிவிட்டது, இங்கே இன்னின்னது இருக்கிறது என்று, பார்க்காத ஒருவரும் நம்பும்படி காட்டுவது.

இன்னொரு வாசலும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் அதைத் தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் வந்த கட்டளையும், கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் நடக்கும் அபிவிருத்தி வேலைகளுக்குத் தொல்பொருள் தாக்க மதிப்பீட்டைக் கொண்டுவந்தன. அதற்காக வரும் அதிகாரிக்கு அந்த மலை புதிது. அவருக்குக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்தான். மானாப்புல்லுக்குள் லயம் இருக்கிறது என்று தெரிந்தவர் காட்டாவிட்டால் அவர் பார்க்கப்போவது மானாப்புல்லை மட்டுமே. அவர் கையில் கொடுக்கத்தக்க ஒரு பதிவைத்தான் நாம் தயாரிக்கிறோம்.

ஒரு தடையை இப்போதே மனதில் வையுங்கள். தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்களிடம் அது இல்லை. எனவே மண்வெட்டி வேண்டாம், அலவாங்கு வேண்டாம், உலோகம் தேடும் கருவி வேண்டவே வேண்டாம். மண்ணில் பாதி புதைந்திருக்கும் போத்தலை இழுத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். மேற்பரப்பில் தெரிவதைப் பார்ப்பது, அளப்பது, படமெடுப்பது, எழுதுவது. அவ்வளவுதான்.

1. திட்டத்தின் எல்லையைக் கையில் எடுங்கள்

“அந்தப் பக்கம் எங்கேயோ” என்ற தகவலை வைத்து ஆய்வு செய்ய முடியாது. சுரங்க அனுமதிப்பத்திரம் கொடுப்பது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம். மாணிக்கக்கல் அகழ்வு என்றால் தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபை. கூடவே மத்திய சுற்றாடல் அதிகார சபை, பிரதேச செயலகம். இவற்றில் ஏதாவது ஒன்றில் விண்ணப்பமோ வரைபடமோ கிடக்கும்.

கேட்டால் தருவார்களா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பகிரங்க அதிகார சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கிறார். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். “குவாரி பற்றிய எல்லாத் தகவலும்” என்று கேட்காமல், எல்லை வரைபடம், அணுகுபாதையின் வரைபடம், சுற்றாடல் அறிக்கை, தொல்பொருள் மதிப்பீடு நடந்ததா என்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கேளுங்கள்.

காலக்கணக்கு முக்கியம். முழு சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்றால் அந்தக் கட்டாய அவகாசம் கிடையாது. 30 நாளுக்குள் மலையேறி, அளந்து, எழுதி முடிப்பது நடக்கிற காரியமல்ல. பேச்சு அடிபடும்போதே தொடங்கிவிடுங்கள்.

வரைபடம் கிடைத்ததும் குழியை மட்டும் பார்க்காதீர்கள். லொறி போகும் பாதை, கல் நொறுக்கும் இயந்திரம், மேல்மண் கொட்டும் இடம், வெடிமருந்துக் கிட்டங்கி ஆகியவையும் நிலத்தைத் தின்னும். குழி வருவது மொட்டைப் பாறையில். அதில் யாரும் லயம் கட்டியிருக்க மாட்டார்கள். பாதை வருவது பழைய தோட்டப் பாதையின் மேல், அதன் இரு ஓரத்திலும்தான் ஊர் இருந்திருக்கும். என் கணிப்பில் பழைய குடியிருப்புக்கு ஆபத்து குழியைவிடப் பாதையால்தான் அதிகம். வெடி வைக்கும்போது பூமி அதிரும் தூரத்தையும் சேர்த்து, எல்லைக்கு வெளியிலும் ஒரு பட்டையை ஆய்வில் எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் நிற்கும் பழைய சுவருக்கு அதிர்வு ஆகாது.

2. தாளில் தேடுதல்

மலையேறுமுன் மேசையில் செய்ய வேண்டிய வேலை இது.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களில் (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் கீறியவை) தோட்டப் பெயர்களும் கட்டடங்களும் பாதைகளும் குறிக்கப்பட்டிருக்கும். பின்னால் வந்த 1:50,000 தாள்களோடு ஒப்பிட்டால் எது எப்போது காணாமற்போனது என்று ஓரளவு பிடிபடும். 1956இல் எடுத்த வான்வழிப் படங்களும் இருக்கின்றன. அன்று உங்கள் பிரிவில் ஆள் இருந்திருந்தால் லயத்தின் கூரை வரிசையாகத் தெரியும். கைத்தொலைபேசியில் பார்ப்பதற்குக் கூகுள் ஏர்த்தின் பழைய படங்களைப் புரட்டுங்கள். வறண்ட மாதத்துப் படத்தில், புல் காய்ந்த இடத்தில், நீள்சதுரமாக ஒரு கோடு தெரிந்தால் அது அத்திவாரமாக இருக்கலாம்.

தோட்டக் காரியாலயத்தில் பழைய பிளான், செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), மலைகளின் (தேயிலை நிலத் துண்டுகளின்) நம்பர் எழுதிய புத்தகம் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று கேளுங்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் தாள்கள் தொலைந்திருக்கின்றன. ஆனாலும் கேட்டுப் பாருங்கள், பழைய பிளான் ஒன்று சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்.

பெர்குசன் டிரெக்டரி என்று ஆங்கிலேயர் காலத்தில் வெளிவந்த பட்டியல் உண்டு. தோட்டத்தின் பெயர், ஏக்கர், பயிர், உரிமையாளர், துரை (தோட்ட மேலாளர்) என்று அதில் இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளின் பிரதிகளைப் பார்த்தால் கோப்பி தேயிலையான காலத்தைத் தோட்டவாரியாகப் பிடிக்கலாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர் வைத்த பெயர் ஒன்று, சிங்களப் பெயர் ஒன்று என்று மூன்று இருக்கும். மூன்றையும் பதிவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் தாளில் உள்ள இடத்தையும் தரையில் உள்ள இடத்தையும் இணைக்க முடியாது.

3. தெரிந்தவர்களிடம் கேட்டல்

என்னைக் கேட்டால் மொத்த ஆய்வில் மிக அதிக நேரம் இதற்குத்தான் போக வேண்டும். கல் அடுத்த மாதமும் அங்கேயே கிடக்கும். 80 வயதைத் தாண்டிய தாத்தாவும் அப்பாயியும் அப்படி இல்லை.

முதல் சந்திப்பில் பேனாவை எடுக்காதீர்கள். பேச விடுங்கள். இரண்டாவது முறை போகும்போது பழைய வான்வழிப் படத்தையோ நீங்களே கீறிய வரைபடத்தையோ முன்னால் விரித்து, கேள்வியை இடத்தோடு கட்டுங்கள். “அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று கேட்டால் கஷ்டப்பட்டோம் என்பதோடு பேச்சு நின்றுவிடும். “பணிய லயத்தில் முதல் காம்பராவில் யார் இருந்தது? அடுத்த காம்பராவில்? பீலிக்கு எந்தப் பக்கமாக இறங்குவீர்கள்? பெரட்டுக்களம் ஸ்டோருக்கு மேலேயா கீழேயா? காமன் பொட்டல் எங்கே? தப்பு அடித்தால் எந்த லயம் வரை கேட்கும்?” என்று கேளுங்கள். (பணிய லயம் என்றால் கீழ் லயம், காம்பரா என்றால் அறை, பெரட்டுக்களம் காலையில் பெயர் கூப்பிடும் இடம், ஸ்டோர் தேயிலைத் தொழிற்சாலை, காமன் பொட்டல் காமன் கூத்து நடக்கும் இடம்.) காம்பரா காம்பராவாகப் போனால் ஞாபகம் தானாக வரிசையில் வரும்.

முடிந்தால் அவர்களை இடத்துக்கே கூட்டிப்போங்கள். நடக்க முடியாதவரை வாகனம் போகும் தூரம்வரை கொண்டுபோய், நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையைக் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டிய திசையைத் திசைகாட்டியில் பாகையாகக் குறித்துக்கொள்ளுங்கள். மலைக்கு மலை பேசுகிற ஊர் இது. கை காட்டுவது மிகச் சரியாகவே இருக்கும்.

அப்புறம், ஆள் இல்லாத பிரிவின் ஆட்கள் எங்கே போனார்கள் என்று யோசியுங்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம், தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். உங்கள் லயத்தின் நான்காம் காம்பராவில் பிறந்தவர் இன்று அங்கே இருக்கக்கூடும். உறவுக்காரர்களிடம் நம்பர் வாங்கி, லயம் இருந்த இடத்தில் நின்றபடியே வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுங்கள். “இன்னும் கொஞ்சம் மேலே போ, அங்கே ஒரு பெரிய கல் இருக்கும் பார்” என்று கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வழி சொல்வார்கள். சிக்னல் இல்லாத மலை என்றால் வீடியோ எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

சொன்னவர் பெயரை எழுதலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வெளியே போகும் அறிக்கையில் பெயர் போடாமல் “மேல் லயத்தில் பிறந்தவர், வயது எண்பதுக்கு மேல்” என்று எழுதுவதே நல்லது. குவாரி வேண்டும் என்பவர்களும் அதே தோட்டத்தில் இருப்பார்கள், வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில். அவர்கள் நம் விரோதிகள் இல்லை. அவர்களிடமும் கேளுங்கள், அவர்கள் தாத்தாவும் அதே லயத்தில்தான் இருந்திருப்பார்.

4. அனுமதியும் ஆயத்தமும்

நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பெனியுடையது என்பதுதான் பெரும்பாலான தோட்டங்களின் நிலை. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். புதையல் தோண்ட வந்தவர்கள் என்று யாராவது பொலிஸுக்குச் சொன்னால் அந்தக் கடிதம்தான் உங்களைக் காப்பாற்றும்.

காலம் பார்த்துப் போங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை காயும். பனியும் மூட்டமும் மத்தியானத்துக்குப் பிறகு இறங்குவதால் காலையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

குளவிதான் பெரிய ஆபத்து. கூடு தெரிந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள், பதிவில் “குளவிக்கூடு, பார்க்கவில்லை” என்று எழுதுங்கள். மூடப்படாத கிணறும் பழைய மலசலகூடக் குழியும் புல்லுக்குள் ஒளிந்திருக்கும், நீளக் கம்பால் தட்டிக்கொண்டே நடங்கள். அட்டைக்கு என்ன செய்வது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கொண்டுபோக வேண்டியவை: 30 மீற்றர் டேப், திசைகாட்டி, கட்டத்தாள், பென்சில் (மழையில் பேனா அழியும்), 10 சென்ரிமீற்றருக்கு ஒரு நிறமாகச் சாயம் அடித்த ஒரு மீற்றர் கம்பு, எண் எழுத ஒரு சிறு கரும்பலகை, சார்ஜ் ஏற்றிய கைத்தொலைபேசி. ஒரு மேசன் பாஸையும் கூட்டிப்போங்கள். சுவரைத் தொட்டுப் பார்த்து இது சுண்ணாம்பா சீமெந்தா, கல் உளியால் கொத்தியதா வெடியில் உடைத்ததா என்று அவர் சொல்வதைத் தொல்லியல் படித்த பலராலும் சொல்ல முடியாது.

5. நிரை பிடித்து நடத்தல்

கொழுந்து எடுப்பவர்கள் நிரை பிடித்துப் போவது போலவே போக வேண்டும். நாலைந்து பேர், ஒருவருக்கொருவர் 10 மீற்றர் இடைவெளியில், மலையின் குறுக்காக, ஒரே உயரத்தில். புல் அடர்ந்திருந்தால் 5 மீற்றர். நேர்கோட்டில் மேலும் கீழும் ஏறி இறங்காதீர்கள். லயம், கோயில், பாதை எல்லாமே சரிவை வெட்டிச் சமப்படுத்திய தட்டையான இடங்களில் இருப்பதால் குறுக்காக நடந்தால்தான் கண்ணில் படும். ஒன்றைக் கண்டவர் குரல் கொடுக்க, எல்லோரும் நிற்க வேண்டும். கொடி நட்டு, எண் கொடுத்து, அப்புறம் நிரை தொடரட்டும்.

கண்ணுக்குக் கல் தெரியுமுன் செடி தெரியும். தேயிலைக் காட்டு நடுவில் கொய்யா, பேரி, பலா, வாழை, கறிவேப்பிலை, செவ்வரத்தை என்று கூடி நின்றால் அங்கே வீடு இருந்திருக்கும். குரோட்டன் செடி வரிசை சுடுகாட்டையோ கோயிலையோ காட்டலாம். காட்டுச்செடியாய்ப் போன கோப்பியையும் விட்டுவிடாதீர்கள்.

6. ஒவ்வொன்றையும் பதிதல்

ஒரு பொருளுக்கு ஒரு தாள். தாளில் எண், திகதி, பதிந்தவர், ஜி.பி.எஸ். எண்கள் (தசமத்தில், ஐந்தாறு இலக்கம் வரை), அது என்ன, அளவு, எதனால் கட்டியது, நிலைமை, யார் என்ன சொன்னார், குவாரியின் எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு தூரம். மரத்தடியில் கைத்தொலைபேசி 10 மீற்றர் வரை பிசகும். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, நாலைந்து முறை வாசிப்பு எடுங்கள். தகரக் குவியலுக்குப் பக்கத்தில் திசைகாட்டியை நம்பாதீர்கள்.

லயத்தை அளக்கும்போது மீற்றரில் எழுதி, பக்கத்திலேயே அடியிலும் எழுதுங்கள். கட்டியவர்கள் அடிக்கணக்கில் கட்டினார்கள். 3.05க்கு 3.66 என்றால் ஒன்றும் புரியாது, 10க்கு 12 அடி என்றதும் லயக்காம்பரா என்று தெரிந்துவிடும். நடுச்சுவரின் இரு பக்கமும் காம்பரா இருந்தால் இரட்டை லயம். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஒற்றை லயம். இஸ்தோப்பின் (முன் தாழ்வாரத்தின்) அகலம், அடுப்பு இருந்த இடத்தின் கரி, சுற்றிப் போகும் கான் (வடிகால்), படிக்கல் ஆகியவற்றையும் அளவுத்திட்டத்தோடு கட்டத்தாளில் கீறுங்கள். மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்பது கைக்கு வசதியான அளவு. சுவர் கோணலாக நின்றால் கோணலாகவே கீறுங்கள்.

படம் எடுக்கும்போது அளவுக்கம்பும் எண்பலகையும் உள்ளே வரட்டும். ஒரு படம் தூரத்திலிருந்து, ஒன்று கிட்டத்தில், ஒன்று அங்கிருந்து வெளியே பார்க்கும் திசையில். கடைசிப் படத்தைப் பலர் எடுப்பதில்லை. துரை பங்களாவிலிருந்து லயம் தெரிகிறதா, லயத்திலிருந்து பங்களா தெரிகிறதா என்பது அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

லயத்தோடு நின்றுவிடாதீர்கள். பீலியும் அதற்குத் தண்ணீர் வந்த வாய்க்காலும், கொழுந்து நிறுக்கும் மடுவம், கங்காணி வீடு, கணக்கப்பிள்ளை வீடு, ஸ்டோர், பாலத்தின் தூண், கல் அடுக்கிய தாங்குசுவர், இடத்தோடு விட்டுப்போன அம்மி, உரல் எல்லாம் அந்த ஊரின் பாகங்கள்.

7. வயதைப் பிடித்தல்

100 ஆண்டு என்ற வாசலைத் தாண்டுவதற்குரிய சாட்சி இங்கேதான் கிடைக்கும், ஏமாறுவதும் இங்கேதான்.

மிகப் பலமான சாட்சி கோப்பிக் காலத்துக் கட்டுமானம். நீரோடைக்குப் பக்கத்தில், சுண்ணாம்பு பூசிய அகலமான கல் தளம் தெரிந்தால் அது கோப்பி காயவைத்த களமாக இருக்கலாம். அருகில் பழம் உரிக்கும் பல்பர் இயந்திரத்தின் வார்ப்பிரும்புத் துண்டோ, நீர்ச்சக்கரம் ஓடிய குழியோ, அதற்கு வந்த வாய்க்காலோ இருந்தால் சந்தேகம் குறையும். கோப்பியை அழித்த இலைநோய் முதலில் 1869இல் மடுல்சீமைப் பக்கம் தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்தான், 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். 1880களில் மலையின் பெரும்பகுதி தேயிலைக்கு மாறிவிட்டது. கோப்பிக்களம் உறுதியானால் 100 ஆண்டு என்ற கேள்விக்கே இடமில்லை.

பொருட்களைப் பார்ப்போம். போத்தலின் பக்கத்தில் ஓடும் அச்சுக்கோடு வாய் விளிம்புவரை ஏறினால் அது முழு இயந்திரத்தில் செய்தது, 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கழுத்தோடு நின்றுவிட்டால் பழையதாக இருக்க வாய்ப்புண்டு. கோலிச் சோடாப் போத்தலைக் கண்டதும் குதிக்க வேண்டாம். அந்த மாதிரி 1872இல்தான் பிறந்தது, நம் பக்கத்தில் வெகுகாலம் புழங்கியது. பீங்கான் தட்டின் அடியில் நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தால் அநேகமாக 1891க்குப் பிந்தியது. அமெரிக்கா தன் நாட்டுக்குள் வரும் சரக்குக்கு அந்த விதியைக் கொண்டுவந்த பிறகுதான் அது வழக்கமானது.

மங்களூர் ஓட்டில் சில நேரம் 1865 அல்லது 1868 என்று பொறித்திருக்கும். லயத்துக்கு வயது தெரிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அது ஓட்டுக் கம்பெனி தொடங்கிய ஆண்டு. அதே அச்சில் பல பத்தாண்டுகள் ஓடு அடித்தார்கள்.

பொதுவான விதி ஒன்று: ஒரு பொருளின் வயது, அது கிடக்கும் வீட்டின் வயது ஆகாது. பழைய தட்டைப் பேத்தி காலம்வரை பாவிப்பார்கள். பழைய தகரத்தைக் கழற்றிப் புது லயத்துக்குப் போடுவார்கள். எனவே பொருள், கட்டுமானம், தாள், பெரியவர் சொன்னது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் வயது எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஒத்துப்போகவில்லை என்றே எழுதுங்கள், அப்படி எழுதிய அறிக்கைக்குத்தான் மதிப்பு கூடும்.

தோட்ட எண் பொறித்த சிறு உலோகத் தகடு ஒன்று தரையில் மின்னினால் கவனம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு, எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று காட்ட இப்படி ஒரு தகடு கொடுத்தார்கள். படமெடுத்து, இடம் குறித்து, அங்கேயே விட்டுவிட்டுத் தொல்பொருள் அதிகாரிக்குச் சொல்லுங்கள். சட்டைப்பையில் போட்டால் அது வெறும் தகரம். இருந்த இடத்தோடு சேர்ந்தால்தான் சாட்சி.

லயத்துக்கு முந்தியதும் கண்ணில் படலாம். தோட்டம் வெட்டுமுன் இருந்த கண்டிக் காலத்துக் கிராமத்தின் வயல் படிக்கட்டு, கல்லில் வெட்டிய எழுத்து, கூராக உடைத்த படிகக்கல் (குவார்ட்ஸ்) சில்லு. பண்டாரவளையும் ஹோர்ட்டன் சமவெளியும் கற்கால மனிதர் கருவி கிடைத்த இடங்கள். “இது நம்முடையது இல்லை” என்று எதையும் விடாதீர்கள். தொல்பொருள் என்றாலே யாருடைய நிலம் என்ற சண்டையாக மாறிவிடும் நாடு இது. நம் பதிவில் எல்லோருடையதும் இருந்தால் அதன் நேர்மையை யாரும் கேள்வி கேட்க முடியாது. 1815க்கு முந்திய ஒன்று கிடைத்தால் சட்டமும் நேராக உதவிக்கு வரும்.

8. சாமியும் சுடுகாடும்

மாடசாமி, முனியாண்டி, ரோதமுனி என்று மரத்தடியில் நிற்கும் கற்களுக்கு உருவம் இருக்காது. குங்குமம் கழுவிப்போயிருக்கும். வெளியாள் கண்ணுக்கு வெறும் கல். எந்தக் கல் சாமி என்பதை அந்த மலையில் வேலை செய்தவர்தான் சொல்ல முடியும். சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கிட்டப் போவோம் என்று கூட வந்தவர்கள் சொன்னால் அப்படியே செய்யுங்கள். படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். எந்த மாதத்தில் பூசை, யார் செய்தார்கள், கடைசியாக எப்போது நடந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்றும் பூசை நடக்கிறது என்றால் அதைத் தனியாக அடிக்கோடிட்டுச் சொல்லுங்கள். கைவிடப்பட்ட நிலம் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

சுடுகாட்டில் கல்லறை கட்டியிருப்பவை சில. மேடும், தலைமாட்டில் ஒரு கல்லும் மட்டுமே இருப்பவை பல. மேடுகளை எண்ணி, நீளம், திசை, இடைவெளி குறியுங்கள். எழுத்து இருந்தால் பக்கவாட்டில் வெளிச்சம் விழும் காலை நேரத்தில் படமெடுங்கள். சுண்ணாம்பு தடவுவதோ கம்பித் தூரிகையால் தேய்ப்பதோ கூடாது. மழை அரித்து எலும்பு வெளியே தெரிந்தால் தொடாமல் நிறுத்தி, பொலிஸுக்கு அறிவியுங்கள்.

சுடுகாட்டின் சரியான ஜி.பி.எஸ். எண்களை முகநூலில் போடாதீர்கள். புதையல் தேடுகிறவர்களும் முகநூல் பார்க்கிறார்கள். அந்த எண்கள் அதிகாரிகளுக்குப் போகும் பிரதியில் மட்டும் இருக்கட்டும்.

9. அறிக்கை எழுதி அனுப்புதல்

மலையகத்தின் இருநூறு வருட வரலாற்றோடு அறிக்கையைத் தொடங்காதீர்கள். படிக்கும் அதிகாரிக்கு முதல் பக்கத்திலேயே வேண்டியது ஒரு வரைபடமும் ஒரு அட்டவணையும்தான்: எண், என்ன, எங்கே, எத்தனை வயது என்று எதை வைத்துச் சொல்கிறோம், குவாரியால் என்ன ஆகும். அதற்குப் பின்னால் தாள்களும் படங்களும். நீங்கள் பார்க்காத பகுதி எது, ஏன் பார்க்கவில்லை என்பதையும் வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டுங்கள். கோபம் அறிக்கையில் வேண்டாம், அதற்கு மகஜர் இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். “குவாரியே வேண்டாம்” என்பது ஒரு கோரிக்கை. அது நிறைவேறாத பட்சத்தில் பாதையை 60 மீற்றர் மேலே திருப்பினால் சுடுகாடு தப்பும், மேல்மண்ணை அடுத்த சரிவில் கொட்டினால் பீலிக்கரை தப்பும் என்று அளவோடு சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். காப்பாற்றவே முடியாதது எது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். அதற்குக் கேட்க வேண்டியது, உடைப்பதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்தின் மேற்பார்வையில் முழு அகழ்வும் பதிவும். 100 ஆண்டு தாண்டியது என்று உறுதியானவற்றுக்கு, வர்த்தமானியில் அறிவிக்கும்படி பணிப்பாளர் நாயகத்துக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்.

பிரதிகள் தொல்பொருள் திணைக்களத்தின் தலைமையகத்துக்கும் உங்கள் பிராந்திய அலுவலகத்துக்கும், மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும், அனுமதி கொடுக்கும் பணியகத்துக்கும், பிரதேச செயலாளருக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும் பதிவுத் தபாலில் போகட்டும். தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள். தமிழ்ப் பிரதியோடு இரண்டு பக்கச் சிங்களச் சுருக்கம் ஒன்று இருந்தால் கோப்பு வேகமாக நகரும்.

மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா தண்ணீருக்கடியில் போனது. வறட்சியில் கோயில் தலைகாட்டும்போது பார்க்கக் கூட்டம் போகிறது. ஆனால் சுற்றி எந்த லயம் எங்கே நின்றது என்று காட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் அதிகாரிகளுக்கு அனுப்பியதோடு நிறுத்தாமல் ஒரு முழுப் பிரதியைத் தோட்டப் பாடசாலை நூலகத்திலும், இன்னொன்றைக் கம்பளைக்கு அருகே பழைய லயத்திலேயே இயங்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்திலும் கொடுத்து வையுங்கள். படங்களையும் குரல் பதிவுகளையும் இரண்டு வேறு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வேறு வீட்டில் வையுங்கள். குவாரிக்கு அனுமதி கிடைத்துவிட்டாலும் வேலை தொடங்கும் நாளில் அதே இடங்களுக்குப் போய், அதே கோணத்தில், அதே கம்பை வைத்து மறுபடி படமெடுங்கள். சுவரில் புது வெடிப்பு வந்தால் முறைப்பாடு செய்ய அந்தப் பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.